நித்தியகல்யாணி இலை இருக்கும்போது மருந்துக் கம்பெனி எதுக்கு?

அரூர்க்காரன்:
எங்க பக்கம் சுகருக்கு நித்தியகல்யாணி இலையை அரைச்சுக் குடிக்கிறவங்க உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குப் போடற வின்கிறிஸ்டினும் அதே செடிதான். பாட்டிகளுக்குத் தெரிஞ்சதை ஊசியில அடைச்சு விக்கறதுக்குப் பேரு கண்டுபிடிப்பா?

ஓசூர் லேப்:
அண்ணா, பாட்டி சொன்னது சுகருக்கு. செடியில கிடைச்சது வேற. 1952-ல ஜமைக்காவிலிருந்து இதே சுகர் நம்பிக்கையோட இலை கனடாவுக்குப் போச்சு. அங்க ஆராய்ச்சியாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் எலிக்கு வாய்வழியா கொடுத்தாங்க, சர்க்கரை அசையல. ஊசியாப் போட்டா எலிகள் தொற்று வந்து செத்துப்போச்சு. காரணம், நோயை எதிர்க்கற ரத்த வெள்ளை அணுக்கள் அடியோட குறைஞ்சிருந்தது. அப்போ ரத்தப் புற்றுநோய் மாதிரி வெள்ளை அணு கட்டுக்கடங்காமப் பெருகற நோய்க்கு இது ஆகுமான்னு யோசிச்சாங்க பாருங்க, கண்டுபிடிப்பு அதுதான். டன் கணக்குல இலை போட்டா கிராம் கணக்குலதான் மருந்து தேறும். அப்புறம் அளவு, பக்க விளைவு, மனுஷங்ககிட்ட மூணு கட்டச் சோதனை. ஒரு மருந்து வெளிய வர 10–15 வருஷம் ஆகும். மனுஷங்ககிட்ட சோதிக்கற பத்துல ஒண்ணு தேறினா பெரிசு. எலிக்கு ஆனதை நினைச்சாவது அந்தச் சாற்றைக் குடிக்காதீங்க.

அரூர்க்காரன்:
குடிக்கச் சொல்லி நான் எழுதல. நீங்க சொன்ன ரெண்டு பேரும் பல்கலைக்கழக ஆளுங்க, கம்பெனி இல்ல. 10 வருஷக் கணக்கைக் காட்டித்தானே விலையை ஏத்தறாங்க? புற்றுநோய் மருந்து சோராஃபெனிப் மாசத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு வித்தது. 2012-ல காப்புரிமைக்காரர் ஒப்புதல் இல்லாமலே தயாரிக்க அரசு கட்டாய உரிமம் கொடுத்ததும், இந்தியக் கம்பெனி நாட்கோ 9,000-க்குள்ள தந்துச்சு. மிச்சமெல்லாம் ஆராய்ச்சிச் செலவா?

பாலக்கோடு வாத்தியார்:
விலை விஷயத்துல தம்பி பக்கம்தான் நான். ஆனா சோதனையே வேண்டாம்ங்கற மாதிரி பேச்சு போகுதே, அது ஆபத்து. சுகர் மாத்திரை மெட்ஃபார்மினை எடுத்துக்குங்க. ஐரோப்பாவுல கேலகான்னு ஒரு செடி. அதிலிருந்த கேலஜின்ங்கற வேதிப்பொருள் நச்சு. அந்த வேதிப்பொருள் குடும்பத்துலயே பாதுகாப்பானதைத் தேடி, 1957-ல பிரான்ஸ்ல டாக்டர் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். காப்புரிமை எப்பவோ முடிஞ்சாச்சு. 2021-ல பக்கத்துச் சாமனப்பள்ளியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. இலை அரைக்கறவங்க அதைக் கேட்டு வாங்கட்டும்.

அரூர்க்காரன்:
சரிங்க சார். ஆனா இலை கொடுத்த ஜமைக்கா ஊர்க்காரங்களுக்கு என்ன கிடைச்சுது?

ஓசூர் லேப்:
அந்தக் கேள்வி நியாயம். இங்க 2002 உயிரியல் பல்வகைமைச் சட்டத்துல ஊர் மக்களுக்குப் பங்கு உண்டு. அதை ஒழுங்கா நடத்தச் சொல்லி மனு எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்.