கென்ட் கேப்டன்கள்: மனதை விட்டு அகலாத ஒரு நிமிடம்

(இங்கிலாந்தின் கென்ட் கவுன்டி கிரிக்கெட் அணியின் கேப்டன்களோடு சேர்ந்த நினைவு ஒன்றை ஒவ்வொருவரும் எழுதும் இழை.)

குன்னூர்வாசி:

கென்ட் கேப்டனாக இருந்த காலின் கவுட்ரி யார் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. 2004 ஆகஸ்டு, கென்ட் அணியின் கேன்டர்பரி மைதானம். எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே நிற்குமே, அந்த எலுமிச்சை மரம், அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், முழங்காலில் கம்பளி போர்த்திய ஒரு பெரியவர். 1970 பற்றிப் பேச்சு வந்தது. கென்ட் அணி ஜூலை 1 அன்று கவுன்டி சாம்பியன்ஷிப் பட்டியலில் கடைசி இடம், செப்டம்பரில் சாம்பியன், அதுவும் 1913க்குப் பிறகு முதல் முறை. இதைச் சொல்லும்போது அவர் உள்ளங்கையைத் தரையருகே தாழ்த்தி, மெல்ல மெல்லத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "உங்கள் கேப்டன் எங்கள் மலையில் பிறந்தவர், ஊட்டியில், தேயிலைத் தோட்டத்தில்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு முழுதாக என் பக்கம் திரும்பினார். "எந்தத் தோட்டம்?"

எனக்குத் தெரியவில்லை. என் அப்பா 30 வருடத்துக்கு மேல் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதியவர். மகனுக்கு எம்.சி.சி. (லண்டனின் மெரில்போன் கிரிக்கெட் கிளப்) என்று முதலெழுத்துகள் அமைய வேண்டும் என்றே கவுட்ரியின் தந்தை மைக்கேல் காலின் என்று பெயர் வைத்தார் என்ற கதையை எனக்குச் சொன்னவரே அப்பாதான். தோட்டத்தின் பெயரை மட்டும் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பெரியவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த ஜனவரியில் காற்றில் அந்த மரம் முறிந்து விழுந்தது என்று படித்தபோதும் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது.

தெற்குவாசல்:

முதலில் ஒரு திருத்தம். அது எலுமிச்சை அல்ல. இரண்டுக்கும் ஆங்கிலப் பெயர் 'லைம்' என்று ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம். லிண்டன் வகை மரம். பந்து அதன் கிளையில் பட்டாலே நான்கு ஓட்டம் கொடுத்தார்கள்.

அடுத்தது 1970. அந்தக் கோடையில் கவுட்ரி உலக லெவன் அணிக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடப் போனார். அவர் இல்லாத நாட்களில் அணியை நடத்தியவர் மைக் டென்னஸ். அந்தப் பெயரை ஏன் யாரும் சொல்வதில்லை?

நான் எழுத வந்தது அவரைப் பற்றித்தான். 2001 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் சச்சின் உட்பட ஆறு இந்திய வீரர்களுக்குத் தண்டனை கொடுத்த மேட்ச் ரெஃப்ரி அவர். அப்போது எனக்குக் கல்லூரி இறுதி ஆண்டு. விடுதிச் சுவரில் அவர் பெயரைக் கரியால் எழுதி, செருப்பு மாலை வரைந்தேன். சுற்றி நின்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பல வருடம் கழித்து கென்ட் கேப்டன்களின் பட்டியலை வாசித்துக்கொண்டு வந்தேன். ஹாரிஸ் பிரபு, மார்ஷம், டில்லன், சாப்மன், கவுட்ரி. அடுத்த வரியில் டென்னஸ், 1972 முதல் 1976 வரை. ஐந்து பருவத்தில் ஆறு ஒருநாள் கோப்பைகள்: ஞாயிறு லீக் மூன்று, பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் இரண்டு, ஜில்லெட் ஒன்று. 1976இல் மட்டும் இரண்டு. அதே வருட முடிவில் கேப்டன் பதவி போய்விட்டது, எசெக்ஸ் அணிக்குப் போய்விட்டார். அந்த வரியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். போர்ட் எலிசபெத் தீர்ப்பு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுவரில் எழுதியபோது அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. 2013இல் அவர் இறந்துவிட்டார்.

பழைய அட்டை:

ஹாரிஸ் பிரபுவையும் சாப்மனையும் சொன்னீர்கள், டக் ரைட்டை விட்டுவிட்டீர்களே! 1950களில் கென்ட் அணிக்குக் கேப்டனான முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். முதல்தர ஆட்டங்களில் ஏழு ஹாட்ரிக் எடுத்த லெக் ஸ்பின்னர்.

லண்டனில் ஒரு பழைய பொருள் கடையில், அவர் காலத்து லார்ட்ஸ் ஸ்கோர் அட்டை ஒன்று கிடைத்தது. பழுப்பேறி, நடு மடிப்பில் கிழிந்திருந்தது. கவுட்ரி அமெச்சூர், அதாவது சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர், என்பதால் எம்.சி. என்ற எழுத்துகள் பெயருக்கு முன்னால் இருந்தன. கேப்டன் ரைட்டுக்கு டி.வி.பி. பெயருக்குப் பின்னால். சம்பளம் வாங்கி ஆடுகிறவருக்கு முதலெழுத்து பின்னால் என்பது அன்றைய வழக்கம். அணியையே நடத்துகிறவர், அச்சில் மட்டும் தன் கீழ் ஆடும் இளைஞனுக்கு ஒரு படி கீழே. அந்தப் பாகுபாடு 1962 பருவத்தோடு ஒழிந்தது. இந்த அட்டையை எடுக்கும் போதெல்லாம் என் கண் அந்த மூன்று எழுத்துகளுக்குத்தான் போகிறது.

பெக்கன்ஹாம் தங்கை:

2003இல் முரளி சில ஆட்டங்களுக்குக் கென்ட் அணியில் ஆடினார் அல்லவா? அப்போது அணித்தலைவர் டேவிட் ஃபுல்டன். அந்த ஏப்ரலில் வலைப்பயிற்சியில் இயந்திரம் எறிந்த பந்து கண்ணில் பட்டு, பார்வை போய்விடுமோ என்ற நிலையிலிருந்து மீண்டு வந்தவர்.

என் அப்பா யாழ்ப்பாணத்தை விட்டு வந்த நாள் முதல் இலங்கை அணிக்காகக் கைதட்டியதில்லை. முரளி விக்கெட் எடுத்தாலும் தொலைக்காட்சியை முறைத்துப் பார்த்தபடி இருப்பார். நானும் என்னவரும் வற்புறுத்தித்தான் கேன்டர்பரிக்கு அழைத்துப் போனோம். பந்து முரளி கைக்கு வந்தது. தொப்பியைக் கழற்றி நடுவரிடம் கொடுத்துவிட்டு ஓட்டத்தை அளந்தார். அப்பா எழுந்து நின்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார், ஓவர் முடியும் வரை உட்காரவில்லை. நான் பார்ப்பதைக் கண்டு, கென்ட் அணியின் சின்னத்தைச் சொல்லி, "இங்கே குதிரைச் சின்னம்தானே, பிள்ளை" என்றார்.

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை.

ஆவணப்பிரியன்:

தங்கையின் பதிவு நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் இது கேப்டன்களுக்கான இழை. என் பங்குக்கு: 2007இல் ராப் கீ தலைமையில் கென்ட் இருபது ஓவர் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தை எட்ஜ்பாஸ்டனில் நேரில் பார்த்தேன். கடைசி ஓவர் வரை தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

குன்னூர்வாசிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கவுட்ரி பிறந்தது 1932 டிசம்பர் 24. அந்தப் பிறப்பு பெங்களூர் என்று தவறாகப் பதிவானதாகச் சொல்வார்கள், ஆகவே பிறப்புப் பதிவை நம்பிப் புறப்படாதீர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் முதலில் கேளுங்கள். அங்கே இல்லையென்றால், சென்னை மாகாணத்துத் தேவாலயப் பதிவேடுகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. தந்தையின் பெயர் எர்னஸ்ட் கவுட்ரி. அந்தப் பெயரை வைத்துத் தேடினால் தொழிலும் இருப்பிடமும் கிடைக்க வாய்ப்பு உண்டு. மூன்றாவதாக, தோட்ட முதலாளிகள் சங்கங்களின் பழைய பட்டியல்கள். இத்தனைக்கும் முன்னால் உங்கள் அப்பாவுடன் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். காகிதம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

குன்னூர்வாசி:

மரத்தைப் பற்றிய திருத்தத்துக்கு நன்றி, தெற்குவாசல். அப்பாவோடு இருந்த, தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஒருவர் கோத்தகிரியில் மகள் வீட்டில் இருக்கிறார். 91 வயது. காது மந்தம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கேள்வியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டேன்.