மீட்டியோர் 350 ஓட்டிப் பார்த்தேன்: தடுமாற்றம் வண்டியுடையதா, என்னுடையதா?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, நாள்தோறும் திருவெறும்பூருக்கு வேலைக்குச் சென்று வருபவன் நான். வயது 43, உயரம் 165 செ.மீ. 2020 முதல் ஹோண்டா யூனிகார்ன் ஓட்டி வருகிறேன். அதற்கு முன்னரும், முதுகை நிமிர்த்திக் கால்களை இடுப்புக்குக் கீழே வைத்து ஓட்டும் வண்டிகளைத் தவிர வேறொன்றையும் தொட்டதில்லை. மாதம் இருமுறை மனைவியுடன் காரைக்குடிக்குப் போய்வர வேண்டியிருப்பதால், நீண்ட சாலையில் நிதானமாகச் செல்லக்கூடிய வண்டியை வாங்க எண்ணி, கால்களை முன்னால் நீட்டி ஓட்டும் க்ரூஸர் வகையான ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 மீது கண் வைத்திருக்கிறேன். விற்பனை நிலையத்தில் கிடைத்த பத்து நிமிட ஓட்டத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆகவே உடன் பணிபுரியும் நண்பரின் வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டு வாங்கி, திருவானைக்காவல் வழியாகக் கல்லணை வரை ஓட்டிச் சென்று திரும்பினேன்.

வீடு வந்து சேர்ந்ததிலிருந்து குழப்பமாகவே இருக்கிறது. கிளம்பும்போது தரையிலிருந்து காலைத் தூக்கினால் அது பழைய இடத்தில் ஃபுட் ரெஸ்ட்டைத் தேடுகிறது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான். இரண்டு வேகத்தடைகளில் பின் பிரேக்கை மிதிப்பதாக நினைத்துக்கொண்டு ஃபுட் ரெஸ்ட்டையே மிதித்திருக்கிறேன். கல்லணையில் வண்டியைத் திருப்பியபோது, யூனிகார்ன் ஒரே வீச்சில் திரும்பிவிடக்கூடிய அகலத்தில் இரண்டு முறை கால் ஊன்ற வேண்டியிருந்தது. ஹேண்டில்பார் முதலில் கனமாக இருந்து, பிறகு திடீரென்று தானே உள்பக்கம் சாய்வது போல் தோன்றியது. பள்ளங்களில் அடி நேரே முதுகுத்தண்டின் அடியில் இறங்கியது. வேகமெடுத்தபோது, நான் வழக்கமாக இழுக்கும் அளவுக்கு ஒவ்வொரு கியரையும் இழுத்தால், எஞ்சின் இரைந்து நடுங்கியது.

இவற்றில் எவை பழகப் பழகச் சரியாகிவிடும், எவை கடைசிவரை கூடவே வரும்? ஒரே நாள் ஓட்டத்தில் இதைப் பிரித்து அறிய வழி உண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஒற்றைப்பிஸ்டன்

ஐயா, மற்றவற்றைப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. நண்பரின் வண்டியில் சக்கரங்களின் காற்றை அளந்து பார்த்தீர்களா? முதலில் கனமாக இருந்து பிறகு தானே உள்ளே விழும் ஹேண்டில்பார் என்று நீங்கள் எழுதியிருப்பது, முன்சக்கரத்தில் காற்று குறைந்த வண்டியின் அடையாளம். இருக்க வேண்டிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் அளக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சென்று அளந்தால் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும்.

காற்று சரியாக இருந்தும் அப்படியே தோன்றினால், முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் இரு பக்கமும் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நேராக இருக்கும் இடத்தில் ஒரு சிறு குழியில் விழுந்து நிற்பது போல் பிடித்தால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு தனி வண்டியின் கோளாற்றை அந்த வகை வண்டிகள் அனைத்தின் குணமாக எழுதிவிடக் கூடாது. இரவல் வண்டியில் ஓட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

எஞ்சின் நடுக்கத்தைப் பொறுத்தவரை, குறை உங்கள் வலது கையில் இருக்கிறது. உங்கள் யூனிகார்ன் 162.7 சிசி, அதன் உச்ச முறுக்குவிசையான 14 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 5500 சுழற்சியில்தான் கிடைக்கிறது. ஆகவே ஆக்ஸிலேட்டரை முறுக்கிச் சுழற்சியை ஏற்றி ஓட்ட உங்கள் கை பழகியிருக்கிறது. மீட்டியோரின் 349 சிசி எஞ்சினில் பிஸ்டன் விட்டம் 72 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரமோ 85.8 மி.மீ. இப்படி நீண்ட வீச்சுள்ள எஞ்சின் 27 நியூட்டன் மீட்டரை 4000 சுழற்சியிலேயே கொடுத்துவிடும். அதற்கு மேல் முறுக்கினால் இரைச்சல் கிடைக்குமே தவிர இழுவை கூடாது. நீங்கள் கியர் மாற்றும் இடத்துக்கு வெகு முன்னதாகவே மேல் கியருக்குச் சென்று பாருங்கள்.

வலப்பக்க கியர்

காலைப் பற்றி நான் சொல்கிறேன். என்னிடம் இருந்த பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலுக்கென்று குதிகாலால் அழுத்தும் தனி லிவர் வேறு. சென்னையில் 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலம் தொட்டு இரண்டு தலைமுறைக் கால்கள் அப்படித்தான் பழகின. பின்னர் கியர் இடப்பக்கம் வந்த வண்டியை நான் வாங்கியபோது, பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தபடியே ஒரு மாதத்தைக் கழித்தேன். பிறகு ஒரு நாள் அந்தத் தவறு நின்றுபோயிற்று. எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. எனவே உங்கள் கால் தேடுவதைக் குறையாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் பழகும்வரை அது ஆபத்துதான். நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்து, கீழே பார்க்காமல், தரையிலிருந்து காலை எடுத்து பிரேக்கின் மேல் வைப்பதை ஐம்பது முறை செய்யுங்கள். தெருவில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஓடும்போது இரண்டு விரல்கள் முன் பிரேக்கின் மேல் எப்போதும் இருக்கட்டும். எந்த வகை வண்டிக்கு மாறினாலும் கை பிரேக் இடம் மாறுவதில்லை.

மலைப்பாதை

நான் குன்னூரில் இருக்கிறேன். உயரம் 155 செ.மீ. சில ஆண்டுகள் அவெஞ்சர் 220 என்ற க்ரூஸரை ஓட்டிவிட்டு, இப்போது ஹன்டர் 350 ஓட்டுகிறேன். அண்ணன் கேட்டிருக்கும் முதன்மையான கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஓர் அளவுகோல் உண்டு. ஒரு தொல்லை முதல் பத்து கிலோமீட்டரில் அதிகமாகவும் கடைசி பத்து கிலோமீட்டரில் குறைவாகவும் இருந்தால், அது உங்கள் பழக்கம். முதலில் தெரியாமல் இருந்து, போகப் போக வளர்ந்தால், அது வண்டியின் அமைப்பு. கால் தேடுவது முதல் வகை; முதுகில் இறங்கும் அடி இரண்டாம் வகை.

யூனிகார்னில் பள்ளத்தைக் கண்டதும் நீங்கள் அறியாமலே ஃபுட் ரெஸ்ட்டில் எடையை ஊன்றி, இருக்கையிலிருந்து அரை அங்குலம் எழுந்துவிடுகிறீர்கள். அடியை வாங்குவது உங்கள் முழங்கால்கள். கால்கள் முன்னால் நீண்டிருக்கும் க்ரூஸரில் அப்படி எழ முடியாது. நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள், புரிந்துவிடும். உடலின் எடை முழுவதும் இருக்கையின் மேலேயே இருப்பதால், சக்கரம் வாங்கும் அடி வால் எலும்பு வழியாக மேலே ஏறுகிறது. இது எத்தனை ஆண்டுகள் பழகினாலும் போகாது. பள்ளத்துக்கு முன்னதாகவே வேகத்தைக் குறைக்க நீங்கள் கற்றுக்கொள்வீர்கள், அவ்வளவுதான். ஆயினும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மீட்டியோரின் பின் ஷாக் அப்சார்பர்களில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஆறு நிலைகளில் மாற்றலாம். உங்கள் நண்பர் ஆள் ஏற்றிச் செல்பவராக இருந்தால் அதைக் கடினமான நிலையில் வைத்திருக்கலாம். தனியாக ஓட்டும் ஒருவருக்கு அது கல்லில் உட்கார்ந்தது போல் இருக்கும்.

வண்டி திரும்புவதில் இரண்டும் கலந்திருக்கின்றன. யூனிகார்னின் இரு சக்கர அச்சுகளுக்கு இடையே 1335 மி.மீ.; மீட்டியோருக்கு 1400; என் பழைய அவெஞ்சருக்கோ 1490. நீளம் கூடினால் திரும்பும் வட்டமும் பெருகும் என்பதால், மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் நான் அதை வசை பாடாத நாள் இல்லை. ஆனால் 65 மி.மீ. வேறுபாட்டுக்காக இரண்டு முறை கால் ஊன்ற வேண்டியதில்லை. முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரை அசையாமல் பிடித்து, பின் பிரேக்கை மெல்ல உரசவிட்டு, முன்சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைத் திரும்பிப் பாருங்கள். ஹேண்டில்பார் முழுதாகத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை மட்டும் தொடவே வேண்டாம். 191 கிலோ வண்டி சாயத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்க நம்மால் இயலாது.

தார்ச்சாலை

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? கிளாசிக் 350 எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அதேதான், கால் வைக்கும் இடமும் உங்களுக்குப் பழகியதற்கு அருகில் இருக்கும்.

காவிரிக்கரை

தார்ச்சாலை சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் இருக்கை 805 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, மீட்டியோரில் 765 மட்டுமே. கனமான வண்டியைச் சித்திரை வீதி நெரிசலில் நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிவது எனக்குப் பெரிதாகப் படுகிறது. மற்ற மூவரும் சொன்னபடி ஒரு முறை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

காவிரிக்கரை (இரண்டு வாரங்களுக்குப் பின்)

தாமதத்துக்குப் பொறுத்தருள்க. நண்பரின் வண்டியை மீண்டும் வாங்கினேன். முன்சக்கரத்தில் காற்று இருக்க வேண்டியதைவிட 11 பி.எஸ்.ஐ. குறைவு. நண்பருக்கே வியப்பு, காற்று அடித்து எத்தனை மாதங்கள் ஆயின என்று அவருக்கு நினைவில்லை. பின் ஷாக் அப்சார்பர் ஐந்தாம் நிலையில் இருந்தது. அவருடைய ஒப்புதலுடன் இரண்டாம் நிலைக்கு மாற்றிக்கொண்டேன்.

இம்முறை ஒரே காலையில் அதே கல்லணைச் சாலையில் முதலில் யூனிகார்ன், அடுத்து மீட்டியோர், மறுபடியும் யூனிகார்ன் என்று மூன்று முறை சென்று வந்தேன். ஒவ்வொரு முறையும் வண்டியை விட்டு இறங்கியவுடன் மனத்தில் பட்டதைத் தாளில் குறித்துக்கொண்டேன். மூன்றாவது ஓட்டத்தை வீண்வேலை என்று முதலில் நினைத்தேன். கண்ணைத் திறந்தது அதுதான். யூனிகார்னில் ஏறிய முதல் ஐந்து நிமிடங்கள் என் கால் முன்னால் நீண்டு தேடியது! இரண்டு மணி நேரத்துக்குள் பழக்கம் தலைகீழாகிவிட்டது. இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி ஓட்டலாம் என்று வைத்திருந்த திட்டத்தை அங்கேயே கைவிட்டேன்.

திரும்பும் தொல்லை ஏறத்தாழ முழுவதும் தீர்ந்தது. ஹேண்டில்பார் கனமும் இல்லை, உள்ளே விழுவதும் இல்லை. சகோதரி மலைப்பாதை சொன்ன பாதிக் கிளட்ச் முறையில் மூன்றாவது முயற்சியிலேயே கால் ஊன்றாமல் திரும்பினேன். கியரை முன்கூட்டியே மாற்றத் தொடங்கியதும் எஞ்சின் வேறொரு எஞ்சின் போல் அமைதியாயிற்று. மறுவாரம் புதுக்கோட்டைச் சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சென்றபோது, அதே வேகத்தில் யூனிகார்னில் உணரும் பரபரப்பு சிறிதும் இல்லை. பேருந்துகள் கடக்கும்போது தள்ளும் காற்றுக்கும் வண்டி அசையவில்லை.

முதுகு குறித்துச் சகோதரியின் சொல்லே உண்மையாயிற்று. இறுக்கத்தைக் குறைத்த பிறகு அடி மட்டுப்பட்டது, நின்றுவிடவில்லை. புதுக்கோட்டை வரை நல்ல சாலையில் ஒன்றும் தெரியவில்லை. கல்லணைச் சாலையிலோ, நேரம் ஆக ஆக வளர்ந்தது. என் தாளில் கூடிக்கொண்டே போன ஒரே குறை இதுதான். வீட்டு வாசல் சரிவில் வண்டியைப் பின்னால் இழுத்து ஏற்றும்போது, 140 கிலோ யூனிகார்னைவிட 51 கிலோ கூடுதல் என்பதைக் கைகள் நன்றாகவே உணர்ந்தன. ஆனால் அது நாளுக்கு ஒரு நிமிட வேலை.

நான் எண்ணியே பார்த்திராத ஒன்றை என் மனைவி கண்டுபிடித்தார். புடவை உடுத்தி ஒருபுறமாக அமர்ந்து வருவது அவருடைய வழக்கம். மீட்டியோரின் பின்னிருக்கையில் இருக்கும் முதுகுச்சாய்வு, அப்படி அமர்ந்தவரின் இடுப்பில் பக்கவாட்டில் இடிக்கிறது. சுடிதார் அணிந்து இருபுறமும் கால் போட்டு அமர்ந்தபோது அதே சாய்வு மிகவும் வசதியாக இருந்ததாகச் சொன்னார். ஆனால் காரைக்குடிப் பயணங்களில் பாதி, கோயிலுக்கோ திருமணத்துக்கோ புடவையில் செல்பவை. பத்து நிமிட ஓட்டத்தில், அதுவும் தனியாக ஓட்டினால், இது எங்கே தெரியப்போகிறது?

மலைப்பாதை

முதுகுச்சாய்வைக் கழற்றிவிட்டு ஒருமுறை அமர்த்திப் பாருங்கள். மீட்டியோரில் முதலில் வந்த மூன்று வகைகளில் ஃபயர்பால் என்பது சாய்வு இல்லாமலேயே வந்தது. உங்கள் தாளில் மிஞ்சியிருப்பது முதுகு ஒன்றுதான் என்றால், அலுவலகம் போகும் வழியில் மோசமான சாலை எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிப் பாருங்கள். விடை அதில் இருக்கிறது.

காவிரிக்கரை

பாலக்கரையைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் மோசம். மீதமுள்ளது தஞ்சாவூர் நெடுஞ்சாலை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே தோன்றுகிறது. வரும் ஞாயிறன்று நண்பர் சாய்வைக் கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மனைவி புடவையில் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். காரைக்குடி வரை முழுத் தூரமும் சென்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுவேன்.

ஒற்றைப்பிஸ்டன்

இருவராகச் செல்வதால் பின்சக்கரத்தில் காற்றைக் கூட்டி, ஷாக் அப்சார்பரை மீண்டும் நான்காம் நிலைக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் பின்பகுதி அமுங்கி, முன்புறம் லேசாகி, ஹேண்டில்பாரைப் பற்றி மறுபடியும் இங்கே எழுத வேண்டியிருக்கும். வீடு திரும்பியதும் நண்பருக்காக இரண்டையும் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். முன்சக்கரக் காற்றை மட்டும் குறைக்க வேண்டாம்.