கீர்த்தனை சொல்லித்தர ஆள் வேண்டும் (கோபி, சத்தியமங்கலம் பக்கம்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் சின்ன சபை எங்களுடையது. பாடல் குழுப் பொறுப்பு இப்போது என்னிடம்.

கீபோர்டு வாசிக்கும் தம்பிகளுக்குப் புதுப் பாட்டுகள் அத்துப்படி. கர்நாடக ராகத்தில் அமைந்த பழைய கிறிஸ்தவக் கீர்த்தனை என்றால் திணறுகிறார்கள். புத்தகத்தில் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் போட்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை. மூன்றெண்ணிக்கையில் போகும் ரூபக தாளப் பாட்டுக்கும் நாலெண்ணிக்கை ரிதத்தைத் தட்டிவிட்டால் சொற்கள் எங்கெங்கோ உடைகின்றன. சுருதியை வேறு உயரமாக ஐந்து கட்டையில் வைத்துவிடுகிறார்கள். பல்லவி வரை கூடவே வரும் பெரியவர்கள் சரணத்தில் மேலே போகும்போது வாயை மூடிக்கொள்கிறார்கள். டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக் கீழே இறக்கினால் பாதிச் சிக்கல் தீரும், ஆனால் நான் சொன்னால் எடுபடவில்லை! மேடையில் நாலு பேர் பாட, சபையார் வேடிக்கை பார்ப்பதை என்னால் ஆராதனை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கர்நாடக சங்கீதம் ஓரளவு தெரிந்து, கீர்த்தனைகளைத் தாளம் போட்டுச் சொல்லித்தரக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா? சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் போதும். போக்குவரத்துச் செலவும் சிறு தொகையும் சபையில் தருவார்கள். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்குமுன் ஆரம்பித்தால் நல்லது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு நடுவே பாடுவதெல்லாம் பெரும்பாலும் கீர்த்தனையும், மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையும்தான்.

அப்புறம், பழைய ஆர்மோனியம் ஒன்று கிடக்கிறது. இரண்டு ரீடு பேசவில்லை, துருத்தியில் காற்று கசிகிறது. ஈரோட்டிலோ கோவையிலோ சரிசெய்பவரைத் தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்க.