முதலில் விழிப்பா, முதலில் கவலையா?

மதுரை டீச்சர்:
வயது 47. போன வருடம் விடைத்தாள் திருத்தப் போன நாட்களில் ஆரம்பித்தது. ராத்திரி மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்துவிடும். பிடரியெல்லாம் வியர்வை, நைட்டியின் முதுகுப்பக்கம் தொப்பலாக நனைந்திருக்கும். ஃபேனைக் கூட்டினால் ஐந்தே நிமிடத்தில் குளிரெடுத்துப் போர்வையைத் தேடுவேன். அப்புறம் பையனின் காலேஜ் ஃபீஸ், மாமியாரின் முட்டி வலி, ஹெச்.எம். சொன்ன ஒரு சொல் என்று ஒவ்வொன்றாக வந்து உட்காரும். வாசலில் பால் பாக்கெட் விழும் சத்தம் கேட்கும்வரை புரண்டுகொண்டே கிடப்பேன்.

பகலில் ஒரே தாளின் மதிப்பெண்ணை மூன்று தரம் கூட்டினேன். சாம்பாரில் உப்பு குறைவு என்றதற்குக் கரண்டியை வீசினேன் (சிங்க்கில்தான், யார் மேலும் இல்லை). வீட்டில் எல்லோரும் டென்ஷன் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "கவலை வந்து முழிக்கிறீங்களா, முழிச்சதுக்கு அப்புறம் கவலை வருதா?" யோசித்தால், வேர்ப்பதுதான் முதலில். கவலை பின்னால்தான் வருகிறது. மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடம் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்குமாம். அதனால் மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, துளி சூடு கூடினாலும் வேர்க்க வைத்துவிடுகிறது. தூக்கத்துக்குத் துணைநின்ற புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் குறைகிறது. விடியலை ஒட்டி, உடலை விழிக்கத் தயார்செய்யும் கார்டிசோல் ஹார்மோன் இயல்பாகவே ஏறும், அதனால் மறுபடி கண்ணயர்வது கஷ்டம். மாதவிடாய் நிற்கப் போகிறதா என்று பார்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் டெஸ்ட் எடுக்கவா என்றேன். இந்த வயதில் அதன் அளவு நிலையாக நிற்காது, வேண்டாம் என்று தைராய்டும் ஹீமோகுளோபினும் மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஈரோடு அக்கா:
அந்தத் தைராய்டு டெஸ்டை விட்டுவிடாதீர்கள். எனக்கும் இதே படபடப்பு, தூக்கமின்மை. ஒரு கிளினிக்கில் "வயசாகுதில்லம்மா" என்று சொல்லியே எட்டு மாதம் ஓட்டினார்கள். கடைசியில் பார்த்தால் தைராய்டு அதிகம்!

தாம்பரம்:
எனக்கு 51. ஹார்மோன் மருந்து என்றாலே பயம். 2002-இல் அமெரிக்காவில் அந்த மருந்தைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வை, மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்களே, அந்தச் செய்திதான் மனதில் நின்றது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, என்னைவிட மூத்தவர்கள் என்று டாக்டர் சொன்னபிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தேன். பிரஷர், மேமோகிராம், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டா என்று எல்லாம் பார்த்த பிறகே ஈஸ்ட்ரோஜன் ஜெல் கொடுத்தார், கர்ப்பப்பை இருப்பதால் அதைப் பாதுகாக்கக் கூடவே புரொஜெஸ்டிரோன் மாத்திரையும். எனக்கு ஒத்துக்கொண்டது. என் தங்கைக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மதுரை டீச்சர்:
நான் இன்னும் மருந்துக்குப் போகவில்லை. சாயங்கால காபியை நிறுத்தினேன், மாற்று நைட்டியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். மணி பார்ப்பதில்லை என்று சபதம் வேறு. நேற்று விடியும்வரை தூங்கினேன். இன்றைக்கு மறுபடி மூன்றரை. சரி, பார்த்துவிட்டேன்தான்.