மாருதி 800 எஞ்சினை வீட்டிலேயே இறக்கி ஏற்றுவது: எங்கே சிக்கும்?

போர்டிகோ_98

1998 மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, நாலு கியர். எஞ்சின் சூடாக இருக்கும்போது, ஆக்சிலேட்டரை முழுசா மிதித்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தேன்: 120, 85, 115 பிஎஸ்ஐ. ரெண்டாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டால் 125க்கு ஏறுகிறது. ஆக, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போச்சு. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை.

சென்னைப் புதுப்பேட்டையில், பழைய வண்டிப் பாகம் விற்கும் கடையில், பழைய எஞ்சின் எடுத்து போர்டிகோவிலேயே மாற்றலாம் என்று இருக்கிறேன். கிளட்ச் கேபிள், பிரேக், டைமிங் பெல்ட் எல்லாம் கை பழகியது. எஞ்சின் இறக்குவது இதுதான் முதல் தடவை.

எஞ்சினை மட்டும் இறக்குவதா, கியர்பாக்ஸோடு சேர்த்தா? போர்டிகோ கூரையில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது, அதில் செயின் புளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டலாமா? மாற்றும்போதே என்னென்ன புதுசு போட்டுவிட வேண்டும்?

ஆர்சி_பாருங்க

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் பேப்பர் வேலையை முடியுங்கள். எஞ்சின் நம்பர் பிளாக்கில் அடித்திருக்கும், ஆர்சியிலும் (பதிவுச் சான்று) இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பாருங்கள். மாற்றுவதற்கு முன்னால் ஆர்டிஓவிடம் அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்சியோடு போய்த் தெரிவிக்க வேண்டும். பிறகு இன்ஷூரன்ஸிலும் நம்பரை மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டி 15 வருஷம் தாண்டியது. அடுத்த எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போகும்போது நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்.

கடையில் எஞ்சின் நம்பர் எழுதிய பில்லும், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்சி நகலும் கேளுங்கள். நம்பர் இருக்கும் இடம் கிரைண்டர் போட்ட மாதிரி பளபளப்பாக இருந்தால் விலை பேசவே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது, எந்த எஞ்சின் என்பது. உங்களுடையது எஃப்8பி, 796 சிசி, சிலிண்டருக்கு ரெண்டு வால்வு. "ஆல்டோ எஞ்சினும் 796தான் சார், அப்படியே உட்காரும்" என்பார்கள். அது எஃப்8டி, 12 வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் வகை). அதைப் போட்டால் ஈசியூ (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர்), வயரிங், டேங்க்குக்குள் பம்ப் என்று தனி வேலை கிளம்பும். கார்புரேட்டர் 800 எஞ்சினே வாங்குங்கள்.

வாங்கும் இடத்திலேயே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் காபி நிறத்தில் கூழ் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட்டரும் பேட்டரியும் வைத்துக் கம்ப்ரஷன் காட்டச் சொல்லுங்கள். மூன்றுக்கும் நடுவே 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம்.

செயின்_புளாக்

ஊஞ்சல் கொக்கியை மறந்துவிடுங்கள் தம்பி. ஆள் ஆடுகிற பாரத்துக்குப் போட்டது அது. சிக்கிய எஞ்சினை இழுக்கும்போது விழும் திடீர் இழுப்பு வேறு. கிரேன் வாடகைக்கு எடுங்கள். இல்லையென்றால் கனமான ஜிஐ பைப்பில் முக்காலி கட்டி, கால்கள் விலகாமல் அடியில் சங்கிலி போட்டு, ஒரு டன் செயின் புளாக் மாட்டுங்கள்.

கியர்பாக்ஸோடு சேர்த்தே மேலே எடுங்கள். 800இல் அதுதான் சுலபம். ரெண்டையும் தரையில் வைத்துப் பிரிப்பதும் சேர்ப்பதும் வண்டிக்கு அடியில் படுத்துச் செய்வதைவிடப் பாதி வேலை.

பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். போனட் கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால், திரும்ப மாட்டும்போது இடைவெளி பார்த்துத் தலையைச் சொறிய வேண்டாம். கூலண்ட், எஞ்சின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடித்துவிடுங்கள். கியர் ஆயிலை வடிக்காமல் விட்டால், டிரைவ் ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) உருவும்போது தரை முழுக்க ஓடும். அப்புறம் ரேடியேட்டர். கார்புரேட்டர் வண்டியில் வேக்கூம் ஹோஸ்கள்தான் ஏமாற்றும். ஒவ்வொரு ஹோஸிலும், அது மாட்டியிருந்த மூக்கிலும் ஒரே நம்பரை டேப்பில் ஒட்டுங்கள். போட்டோ மட்டும் போதாது, ஹோஸ் எல்லாமே கறுப்பு. பெட்ரோல் வரும் லைன், திரும்பும் லைன் ரெண்டுக்கும் வேறு வேறு நிற டேப் சுற்றி, ரப்பருக்குள் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிடுங்கள். சைலன்சர் பைப் நட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு விடும் ஆயில் ஊற்றி வைக்கணும். அப்படியே திருகினால் ஸ்டட் உடையும்.

டிரைவ் ஷாஃப்ட்டில் வீல் பக்க நட்டைத் தொட வேண்டாம். கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட்டை விடுவித்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை வெளியே சாய்த்து, கியர்பாக்ஸ் பக்க முனையை மட்டும் லீவரால் நெம்பி உருவுங்கள். வெளியே வந்ததைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிறகு பால் ஜாயின்ட்டைத் திரும்ப மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்திவிடலாம். ஏன் என்றால், எஞ்சின் மேலே வந்ததும் தொங்கும் எஞ்சினை நகர்த்தக் கூடாது, வண்டியைத்தான் பின்னால் தள்ளணும். டிரைவ் ஷாஃப்ட்டின் அந்த வீல் பக்க நட்டு இறுக்கமாக இருந்தால்தான் பேரிங் கெடாமல் உருளும்.

தூக்க ஆரம்பித்து ரெண்டு அங்குலம் ஏறியதும் நிறுத்தி ஒரு சுற்று பாருங்கள். மறந்த ஏதோ ஒன்று இழுபடும். பெரும்பாலும் எர்த் வயர், இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் கேபிள்.

கிளட்ச்_சென்டர்

இறக்குவது எல்லாருக்கும் வந்துவிடும். கியர்பாக்ஸைத் திரும்பச் சேர்க்கும் இடத்தில்தான் முதல் தடவை செய்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

மாற்று எஞ்சின் தரையில் இருக்கும்போதே இவற்றைப் போடுங்கள்: கிராங்க் முன், பின் ஆயில் சீல், டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், மவுண்டிங் ரப்பர் எல்லாம். பிளாக் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக்குகளை (தண்ணீர் வழியை அடைக்கும் வட்டத் தகடுகள்) ஸ்க்ரூடிரைவர் பின்புறத்தால் தட்டுங்கள். துருப்பிடித்து அமுங்கினால் இப்போதே மாற்றுங்கள், பிறகு கை நுழையாது. பின் சீல் மட்டும் நூறு தடவை யோசித்துப் போடுங்கள்: உதட்டில் ஆயில் தடவி, சுற்றிலும் சமமாகத் தட்டி உட்கார வைக்கணும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆயில் கசிந்து புது கிளட்ச் நனையும், மறுபடி எல்லாவற்றையும் பிரிக்கணும்.

ஃப்ளைவீல் முகத்தைப் பெட்ரோலில் துடைத்துவிட்டு, கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் இருக்கும் மேடான பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்கும்படி வையுங்கள். திருப்பி வைத்தால் கிளட்ச் விடாது. நடுவைச் சரிபார்க்க அலைன்மென்ட் குச்சி வேண்டும். இல்லையென்றால் மரக்குச்சியில் டேப் சுற்றி, நுனி கிராங்க் நடு ஓட்டையிலும் உடல் பிளேட்டின் பல்லுக்குள்ளும் ஆட்டமில்லாமல் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள்.

இப்போது கியர்பாக்ஸை உள்ளே விடுகிறீர்கள். சுமார் ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிடும். எல்லாரும் இங்கேதான் போல்ட்டை மாட்டி இறுக்கி இழுக்கப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள்! கியர்பாக்ஸின் முழு பாரமும் பிளேட்டின் நடுவில் தொங்கி அதை வளைக்கும், அல்லது போல்ட் மாட்டும் அலுமினியக் காது விண்டுபோகும். கியரில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பானரால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் பல்லோடு பல் பொருந்தும். டொக் என்று கையிலேயே தெரியும். ரெண்டு முகமும் சுற்றிலும் ஒட்டிய பிறகுதான் போல்ட். ஒட்டவே இல்லையா? வெளியே எடுத்து பிளேட்டை மறுபடி நடுப்படுத்துங்கள்.

வண்டிக்குள் இறக்கும்போது மவுண்டிங் போல்ட் எல்லாவற்றையும் கையால் மாட்டி, எஞ்சினை ஒருமுறை ஆட்டி உட்கார வைத்துவிட்டு அப்புறம் இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கியபடி நிற்கும். மூணு சிலிண்டர் ஏற்கனவே ஐடிலில் ஆடும், இதுவும் சேர்ந்தால் டேஷ்போர்டே பேசும்.

பழைய_பிளாக்

வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ரிங் மட்டும் போன எஞ்சினுக்கு, கண்ணால் பார்க்காத இன்னொரு பழைய எஞ்சின் எதற்கு? பிளாக்கை லேத்தில் கொடுத்து போர் (சிலிண்டரின் உள் விட்டம்) அளக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டர்டு 68.5 மில்லிமீட்டர். தேய்மானத்தைப் பார்த்து 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்றபடி சிலிண்டரைக் கடைந்து போர் போடலாம். எஞ்சின் நம்பர் மாறாது, ஆர்டிஓ அலைச்சல் இல்லை. இறக்கி ஏற்றும் வேலை ரெண்டுக்கும் ஒன்றுதான். நாள் மட்டும் கூடும்.

போர்டிகோ_98

அதுவும் சரியாகத்தான் படுகிறது. இறக்கி, போரை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். எதுவானாலும், முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்கணும்?

செயின்_புளாக்

ஆயில் 2.5 லிட்டர் ஊற்றி டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். காயில் வயரைக் கழற்றிவிட்டு, பத்து பத்து செகண்டாக, நடுவே பேட்டரிக்கு ஓய்வு கொடுத்து ஸ்டார்ட்டரை அடியுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் காயிலை மாட்டணும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-2. கூலண்ட் ஊற்றும்போது மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி காற்றை வெளியேற்றுங்கள். ஏர் லாக் ஆனால் ஃபேன் சுவிட்சுக்குச் சூடு தெரியாது, ஃபேன் ஓடாது, ஹெட் வளைந்துவிடும்.

ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றி, சோக் கேபிளிலிருந்து புகை வந்தால் உடனே சாவியை விடுங்கள். எர்த் வயர் மாட்டவில்லை என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் கரண்ட் முழுக்க அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்புகிறது. கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் வயரின் ரெண்டு முனையிலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.