‘திருநகர் வீடு’ குழுவில் ஒரு கப்பல்

பிப்ரவரி 23

அப்பா (காலை 6:10): செயலியில் யாழினி படிக்கும் கப்பலின் புள்ளி நகரவில்லை. நேற்று இரவு 11:50க்குக் காட்டிய இடத்திலேயே நிற்கிறது.

அம்மா: நிற்கிறதா? நடுக்கடலில் ஏன் நிற்கிறது?

பெரியப்பா: கப்பல் நிற்கவில்லை, தம்பியின் செயலிதான் நிற்கிறது. கரையில் இருக்கும் ஆன்டெனாவுக்கு எட்டும் வரைதான் இலவசமாகக் காட்டுவான். அதற்கு மேல் சாட்டிலைட். பணம் கேட்பான்.

ரவி மாமா: கட்டிவிடுங்கள் அத்தான். அக்கா தூங்க மாட்டாள்.

அப்பா: எவ்வளவு கேட்கிறான் தெரியுமா? இன்னும் 5 நாளில் மொரீஷியஸ் வந்தால் தானாகக் காட்டும்.

சித்ரா அத்தை: (காலை வணக்கம் படம்: ரோஜா, காபி கோப்பை)

அம்மா: கொச்சியில் கொடுத்த பருப்புப்பொடியை உள்ளே விட்டார்களா என்றே தெரியவில்லை.

பிப்ரவரி 28

அப்பா: புள்ளி வந்துவிட்டது!! போர்ட் லூயிஸ்!

யாழினி: வந்துவிட்டோம். கப்பலில் நெட் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, அதனால் எழுத முடியவில்லை. பொடி தப்பித்தது அம்மா. சீல் போட்ட பாக்கெட் என்பதால் விட்டார்கள், முறுக்கு போய்விட்டது.

யாழினி: (படம்)

அம்மா: முடி எங்கே?

அம்மா: யாழினி, முடி எங்கே?

யாழினி: பூமத்தியரேகையைத் தாண்டினால் கடல் ராஜா நெப்டியூனுக்கு ஒரு சடங்கு அம்மா. தலையில் பச்சை நிறத்தில் ஏதோ ஊற்றுவார்கள், குளத்தில் குதிக்க வேண்டும், ஒரு செத்த மீனுக்கு முத்தம் கொடுக்க வேண்டும். விருப்பம் இருந்தால் மொட்டை. எனக்கு விருப்பம் இருந்தது.

சித்ரா அத்தை: அடிப் பாவி. அடுத்த வருடம் வரன் பார்க்கலாம் என்று இருந்தோமே.

பெரியப்பா: அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். பேசுகிறாள், அனுப்புகிறேன்.

பாட்டி (குரல் செய்தி, கார்த்திக் எழுத்தில் போட்டது): மொட்டை போட்டாயா தங்கம்? நல்லது. எந்தச் சாமிக்கு? காதும் குத்திவிட்டார்களா?

யாழினி: ஹாஹா பாட்டி, வருணன் மாதிரி ஒரு சாமி. காது குத்தவில்லை.

யாழினி: அப்புறம் இது முக்கியம். (படம்) இந்த ஊர் ரூபாய் நோட்டு. நன்றாகப் பாருங்கள், தமிழ்.

ரவி மாமா: இது ஃபார்வர்ட் மாதிரி இருக்கிறது. போன மாதம் நான் ஒன்று போட்டதற்கு எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டினீர்களே.

பெரியப்பா: நீ போட்டது நாசா தமிழில் ராக்கெட் விட்டது. இது உண்மை. 1998இல் அடித்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதற்கு அங்கே பெரிய எதிர்ப்பு. நோட்டைத் திரும்ப வாங்கி, அடுத்த வருடம் மாற்றி அடித்தார்கள்.

யாழினி: ஆப்ரவாசி காட் போனேன் பெரியப்பா. 16 கற்படிகள். 1834இலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களை இறக்கிய இடம். படி ரொம்பச் சாதாரணமாக, நம் தெப்பக்குளத்துப் படி மாதிரி இருக்கிறது. வாசலுக்கு வெளியே ஒருவர் தால் பூரி விற்கிறார். இரண்டு பூரிக்கு நடுவே அவரைக்குழம்பு, ஊறுகாய். நான்கு சாப்பிட்டேன்.

அம்மா: தண்ணீர் பார்த்துக் குடி. மொட்டைத் தலையில் வெயில் படாமல் துணி கட்டு.

சித்ரா அத்தை: சன்ஸ்கிரீன் போடு. இனிமேல்தான் ஆப்பிரிக்கா. கறுத்துப்போய் வந்து நிற்காதே.

பெரியப்பா: மொரீஷியஸும் ஆப்பிரிக்காதான் சித்ரா.

மார்ச் 5

அம்மா: ஒரு டிக்தான் இருக்கிறது.

அப்பா: நடுக்கடல்.

ரவி மாமா: யார் வீட்டிலாவது உபரி சிலிண்டர் இருக்கிறதா? எங்களுக்கு இன்று தீர்ந்துவிட்டது.

மார்ச் 8

யாழினி: கேப் டவுன்! ஆனால் காலையிலிருந்து துறைமுகத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். காற்று பலமாக இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். இந்தக் காற்றுக்கு இங்கே ‘கேப் டாக்டர்’ என்று பெயர், ஊரின் அழுக்குக் காற்றைத் துடைத்துவிடுமாம். மேசை மலைக்கு மேலே மேகம் மேசைவிரிப்பு மாதிரி வழிகிறது. ரோப் காரும் ஓடவில்லை.

அம்மா: கப்பல் ஆடியதா?

யாழினி: கடைசி இரண்டு நாள் ஆடித் தீர்த்துவிட்டது. அகுல்ஹாஸ் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் அலையும் மோதுகிற இடமாம். கடலில் ஞாயிறு கிடையாது, தினமும் வகுப்பு. புள்ளியியல் பேராசிரியர் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினார். பின்வரிசை நாற்காலிகள் முன்வரிசைக்கு வந்துவிட்டன. பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும்தான் சாப்பாடு.

சித்ரா அத்தை: இதற்கா இவ்வளவு ஃபீஸ்?

பெரியப்பா: நன்னம்பிக்கை முனைதான் ஆப்பிரிக்காவின் தென்கோடி என்று 30 வருடம் பிள்ளைகள் எழுதி, நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். தென்கோடி அகுல்ஹாஸ் முனை. என் மாணவர்கள் யாரும் போனதில்லை, நீ அந்தப் பக்கமாகவே போய்விட்டாய்.

மார்ச் 11

யாழினி: ராபன் தீவு போய் வந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறையைச் சுற்றிக் காட்டியவர் அங்கேயே அரசியல் கைதியாக இருந்தவர். மண்டேலா 18 வருடம் இருந்த அறை, நம் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரியது. தரையில் பாய், ஒரு வாளி. வெளியே சுண்ணாம்புக்கல் குவாரி. வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் கூசுகிறது. அவர் கண் கெட்டதே அதனால்தான்.

யாழினி: எனக்கு மறக்காதது வேறு. 1964இல் அகமது கத்ராடாவும் மண்டேலாவுடன் ஒரே வழக்கில் அதே தீவுக்கு வந்தார். கத்ராடா இந்தியர் என்பதால் அவருக்கு முழுக்கால்சட்டை, சாப்பாட்டில் ரொட்டி. மண்டேலாவுக்கு அரைக்கால்சட்டை, ரொட்டி கிடையாது. நிறத்துக்கு ஏற்ப அளந்து கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் இந்தியர் நான் ஒருத்திதான். வழிகாட்டி என் பக்கம் பார்த்து, ‘உனக்கு ரொட்டி கிடைத்திருக்கும்’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெரியப்பா: ம்.

அப்பா: படிக்கும்போதே என்னமோ மாதிரி இருக்கிறது.

சித்ரா அத்தை: பெங்குவின் பார்த்தாயா?

யாழினி: பார்த்தேன் அத்தை, போல்டர்ஸ் கடற்கரையில். கழுதை மாதிரி கத்துகிறது.

மார்ச் 20

யாழினி: கப்பல் நெட்டில் ஒரே ஒரு செய்தி: இன்று 0 அட்சம், 0 தீர்க்கம். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். சுற்றிலும் தண்ணீர், எல்லோரும் மேல்தளத்தில் நின்று கைதட்டினோம்.

பெரியப்பா: பொறாமையாக இருக்கிறது.

மார்ச் 22

யாழினி: கானா, தேமா துறைமுகம். மலேரியா மாத்திரை போடுகிறேன். மஞ்சள் காய்ச்சல் அட்டையை இறங்கும்போதே கேட்டார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் நீ வரிசையில் நின்றது வீண்போகவில்லை அப்பா.

யாழினி: அத்தை, உங்களுக்கு ஒரு சேதி. என்னைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் ‘ஒப்ரோனி, ஒப்ரோனி’ என்று கத்துகிறார்கள். வெள்ளைக்காரி என்று அர்த்தம்.

சித்ரா அத்தை: யாரை? உன்னையா?

கார்த்திக்: 😂😂😂

யாழினி: வெளியூர்க்காரர் யாரானாலும் ஒப்ரோனிதான். இங்கே பிறந்த கிழமைதான் பெயர். நான் சனிக்கிழமை பிறந்தவள் என்றேன், ‘அமா’ என்று வைத்துவிட்டார்கள். யார் கூப்பிட்டாலும் நம் ஊரில் ஆமா போடுகிற மாதிரியே இருக்கிறது. வெள்ளி என்றால் அஃபியா. ஆண் என்றால் கோஃபி.

பாட்டி (குரல் செய்தி): எனக்குத் தேதி தெரியாது. வெள்ளிக்கிழமை, நல்ல மழை, அது தெரியும். அப்படியென்றால் நான் அப்பியா.

யாழினி: அஃபியா பாட்டி! இதைப் பாருங்கள். (வீடியோ) ஃபூஃபூ இடிக்கிறார்கள். வேகவைத்த மரவள்ளியும் வாழைக்காயும். ஒருவர் ஆளுயர உலக்கையால் இடிக்க, ஒரு அம்மா நடுநடுவே கையை விட்டு மாவைத் திருப்பிப் போடுகிறார். ஒரு தடவைகூட உலக்கை கையில் படவில்லை. மெல்லக்கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். இடது கையை நீட்டினேன், பக்கத்து மேசைப் பாட்டி முறைத்தார்.

பாட்டி (குரல் செய்தி): சரியாகத்தான் முறைத்தாள். அந்த உலக்கை என்ன மரம் என்று கேள்.

மார்ச் 24

யாழினி (மாலை 4:40): கேப் கோஸ்ட் கோட்டையிலிருந்து கிளம்பினோம். பிறகு எழுதுகிறேன். ஆண்களை அடைத்துவைத்த நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம். வழிகாட்டி விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். அங்கே படம் எடுக்கவில்லை, கேட்காதீர்கள்.

பாட்டி (குரல் செய்தி): மரம் கேட்டாயா?

அப்பா (இரவு 9:50): கப்பலில் ஏற வேண்டிய நேரம் அங்கே மாலை 6. நமக்கு இரவு 11:30. இவள் எங்கே?

யாழினி (9:58): கசோவாவில் டிராஃபிக். ட்ரோட்ரோ வேன் நகரவில்லை. நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான், 15 பேர், மடியில் கோழியோடு ஒருவர். இன்னும் அக்ரா நகரமே வரவில்லை.

அம்மா: ஐயோ.

ரவி மாமா: தாமதமானால் என்ன ஆகும்?

யாழினி: கொஞ்சம் தாமதம் என்றால் அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்க விடமாட்டார்கள். கப்பலே போய்விட்டால் மொராக்கோவுக்கு என் செலவில் விமானம்.

அப்பா: விசா?

யாழினி: அதுதான் பயம். கூட வந்த அமெரிக்கப் பிள்ளைகள் இருவருக்கும் அந்தக் கவலையே இல்லை, தூங்குகிறார்கள்.

பெரியப்பா (10:31): எங்கே?

யாழினி (10:40): இறங்கி டாக்ஸி பிடித்தோம். கோழிக்காரர்தான் ஓட்டுநரிடம் பேரம் பேசினார். போகும்போது என் கையில் இரண்டு தண்ணீர் பாக்கெட். அரை லிட்டர், மூலையைக் கடித்துக் குடிப்பது. சட்டை எல்லாம் தண்ணீர்.

அம்மா (11:02): மோட்டார்வே வந்துவிட்டதா? அப்பா வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா (11:09): யாழினி?

சித்ரா அத்தை (11:14): விளக்கு ஏற்றிவிட்டேன்.

யாழினி (11:19): ஏறிவிட்டேன். ஏறிவிட்டேன். 11 நிமிடம் மிச்சம். வாசலில் அட்டையைத் தட்டும்போது கை நடுங்கியது.

ரவி மாமா: அப்பாடா.

பெரியப்பா: சபாஷ் அமா.

அம்மா: இனி வேன் எதுவும் வேண்டாம். சாப்பிட்டுப் படு.

சித்ரா அத்தை: நல்லபடியாக வா. வெயிலில் எப்படி ஆனாலும் பரவாயில்லை.

பாட்டி (குரல் செய்தி, 11:41): தூக்கம் வரவில்லை. மரம் என்ன என்று சொன்னாளா?

அம்மா: ஒரு டிக் அத்தை.

அப்பா: புள்ளி நகர்ந்துவிட்டது. இனி காசாபிளாங்காதான்.