வார்டு சேவைகளை நாமே அளப்பது எப்படி? எத்தனை வீடு, என்ன கேள்வி?

கொருக்குப்பேட்டைவாசி:
வணக்கம். சென்னை தண்டையார்பேட்டை மண்டலத்தில் 3 வார்டுகளை எடுத்துக்கொண்டு குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகிய மூன்று சேவைகளும் எப்படி நடக்கின்றன என்று ஓர் ஆய்வு செய்யப்போகிறோம். கல்லூரி மாணவர்கள் 12 பேர் தயார். வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் வைப்பதாகத் திட்டம். "1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள்" என்று கேட்டு சராசரி எடுத்தால் போதுமா? எத்தனை வீடு? அதிகாரிகளிடம் இருக்கும் புகார்க் கணக்கை எப்படி வாங்குவது? எடுத்துக்கொண்டு போகிற எண்ணை யாரும் ஒரே கேள்வியில் தள்ளிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

குழாயடிக் கணக்கு:
சராசரி மதிப்பெண் மட்டும் போதவே போதாது. காரணம் எதிர்பார்ப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பார்த்தே பழகியவர் 4 போடுவார். தினமும் வந்துகொண்டிருந்து போன வாரம் மட்டும் கலங்கி வந்த வீட்டுக்காரர் 2 போடுவார். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் தினமும் தண்ணீர் வராத தெருதான் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடும். அதனால் சேவை எப்படி வந்தது, புகாரை எப்படிக் கையாண்டார்கள், மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்றையும் கலந்து "வார்டு குறியீடு 67" என்று ஒரே எண் போடாதீர்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்த எண்ணிலிருந்து எந்தப் பொறியாளராலும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி வரிசையும் முக்கியம். "மொத்தத்தில் எவ்வளவு திருப்தி?" என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். குறைகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திவிட்டுக் கடைசியில் கேட்டால் மதிப்பெண் தானாக இறங்கும். பிறகு உண்மை விவரம்: கடந்த 7 நாளில் எத்தனை நாள் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எத்தனை குடம். குடத்தின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து லிட்டராகக் குறியுங்கள். நகரங்களுக்கான இலக்கு தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதால், அதோடு ஒப்பிடலாம். லாரித் தண்ணீர், தெருமுனை சின்டெக்ஸ் தொட்டி, அடிபம்பு, காசு கொடுத்து வாங்கும் கேன் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டம் போடுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காமல் கேன் வாங்குகிற வீடு எத்தனை என்பதே பெரிய தகவல்.

தரத்தை வாய்வார்த்தையில் விடாதீர்கள். குளோரின் சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 படி குழாய்முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே, உடனே சோதிக்க வேண்டும். பாட்டிலில் பிடித்து மாலையில் பார்த்தால் குளோரின் குறைந்திருக்கும். தவறு குடிநீர் வாரியத்தின் மேல் போய் விழும். மலக்கிருமிக்கு எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) சோதனைக் குப்பி இருக்கிறது. தண்ணீரை ஊற்றி அறை வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், கறுத்தால் சந்தேகம். அது முடிவான ஆய்வு கிடையாது, அடையாளம் மட்டுமே. கறுத்த இடங்களை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

எப்போது பிடிப்பது என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் விட்ட முதல் நிமிடத்தில் ஒன்று, பத்து நிமிடம் கழித்து ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள். நேரம் வைத்து விடும் குழாயில் தண்ணீர் நின்றதும் அழுத்தம் போய்விடும். தெருவில் பலர் மோட்டார் போட்டு இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பழைய இணைப்பின் விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே வரும். முதல் மாதிரி மட்டும் மோசமென்றால் அந்தத் தெரு இணைப்புகளைச் சந்தேகப்படலாம். இரண்டுமே மோசமென்றால் கசிவு தொடர்ந்து நடக்கிறது என்று பொருள். டெப்போவுக்கு (வாரியத்தின் பகுதி அலுவலகம்) அன்றே சொல்ல வேண்டும், ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கணித வாத்தியார்:
எத்தனை வீடு என்பதற்குப் பதில். 95 விழுக்காடு நம்பகத்தில் கூட்டவோ குறைக்கவோ 5 புள்ளி பிழை என்றால் 385 வீடு, 10 புள்ளி என்றால் 97. ஆனால் ஒரே தெருவில் எல்லாரும் ஒரே குழாயில் குடிப்பதால் பதில்களும் ஒன்றுபோல இருக்கும். அதற்காக 97ஐ ஒன்றரை மடங்காக்கினால் வார்டுக்கு சுமார் 150. ஒரு தெருவில் 5 வீடு, 30 தெரு என்று பிரியுங்கள். 6 தெருவில் 25 வீடாக எடுத்தால் கால் வலிக்காது, ஆனால் எண்ணுக்கு மதிப்பும் இருக்காது. மூன்று வார்டும் சேர்ந்து 450 வீடு. மொத்தமாகச் சொல்லும்போது பிழை சுமார் 6 புள்ளி.

தெருக்களைத் தேர்வது: எல்லாத் தெருவையும் எழுதி, எதிரே தோராய வீட்டுக் கணக்கைப் போட்டு, கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 6000 வீடு, 30 தெரு என்றால் 200க்கு ஒன்று. 1 முதல் 200க்குள் குலுக்கல் போட்டு ஓர் எண்ணில் தொடங்கி, 200 200ஆகக் கூட்டி, அந்த எண் விழும் தெருவை எடுங்கள். பெரிய தெரு, முட்டுச் சந்து எல்லாவற்றுக்கும் நியாயமான வாய்ப்பு கிடைக்கும். ஒரே வாசலில் பல குடும்பம் இருக்கும் ஸ்டோர் வீடுகளையும் வீட்டு வாரியக் குடியிருப்பு பிளாக்குகளையும் எண்ணும்போது வாசலை எண்ணாதீர்கள், குடும்பத்தை எண்ணுங்கள்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் வேறு நேரத்தில் இரண்டு முறை போய்ப் பாருங்கள். பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். காசிமேட்டுப் பக்கம் ஞாயிறு காலை மீன் வியாபாரத்தில் தெருவே பரபரப்பாக இருக்கும், அன்று வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அப்போது விசைப்படகுத் தொழிலாளர்களும் கிடைப்பார்கள். தண்ணீர் விவரத்தை மட்டும் வீட்டில் யார் தண்ணீர் பிடிக்கிறார்களோ அவரிடமே கேளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் படிவ இணைப்பு அனுப்பி வரும் 2000 பதிலைவிட இந்த 450 மேல்.

மனு எழுதுபவர்:
புகார்க் கணக்குக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள், 2005 சட்டம் பிரிவு 6(1), கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "எத்தனை புகார் தீர்க்கப்பட்டது?" என்று கேட்டால் ஒரு விழுக்காடு மட்டும் வரும், ஒன்றுக்கும் உதவாது. புகார்வாரியாகக் கேளுங்கள்: பதிவான தேதி நேரம், வகை, தெரு, முடித்த தேதி நேரம், முடித்ததற்கான குறிப்பு, மீண்டும் திறக்கப்பட்டதா. பெயர், தொலைபேசி எண்ணை நீக்கித் தரலாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். தனிநபர் விவரம் என்று பிரிவு 8(1)(ஜெ) காட்டி மறுக்க இடமிருக்காது. எக்செல் கோப்பாகக் கேளுங்கள்.

வந்ததும் சராசரி நாள் பார்க்காதீர்கள். பாதிப் புகார்கள் எத்தனை மணி நேரத்தில் முடிந்தன, 90 விழுக்காடு எதற்குள் முடிந்தன என்று பாருங்கள். மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் 2008 சேவைத் தர அளவுகோல்களில் குடிநீர், கழிவுநீர்ப் புகார்களில் 80 விழுக்காடு 24 மணி நேரத்துக்குள் தீர வேண்டும் என்று இருக்கிறது. அதே தெரு, அதே வகை, 15 நாளுக்குள் மறுபடி வந்தால் முதல் புகாரைத் தீராததாக எண்ணுங்கள்.

முடித்ததற்கான குறிப்பை அவசியம் படியுங்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. வடிகாலில் கழிவுநீர் ஓடினால் "எங்களுடையது அல்ல" என்று ஒரு பக்கம் மூடப்படும். மறுபக்கம் போய்ச் சேர்ந்ததா என்று எந்தக் கணக்கிலும் தெரியாது. இந்த வகையைத் தனியாக எண்ணிக் காட்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கொருக்குப்பேட்டைவாசி:
மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: ஒரு வார்டில் புகார் அதிகம், இன்னொன்றில் குறைவு என்றால் அதிகம் உள்ளது மோசமா?

கணித வாத்தியார்:
அப்படிச் சொல்ல முடியாது. புகார் எண்ணிக்கை, எங்கே எப்படிச் சொல்வது என்று மக்களுக்குத் தெரியுமா, சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பதையும் சேர்த்தே அளக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு: 100 வீட்டில் 40 வீட்டுக்குப் பிரச்சினை. அதில் 10 பேர்தான் மாநகராட்சிப் புகார் எண்ணான 1913க்குப் பேசினார்கள். 8 தீர்ந்தது. அலுவலகக் கணக்கில் 80 விழுக்காடு. வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் 40ல் 8, வெறும் 20. இரண்டும் சரியான எண்ணே. ஆகவே "பிரச்சினை வந்ததா, சொன்னீர்களா, எங்கே சொன்னீர்கள், தீர்ந்ததா, சொல்லவில்லை என்றால் ஏன்" என்ற ஐந்து கேள்வியும் படிவத்தில் இருக்கட்டும். கவுன்சிலரிடமோ தெருவுக்கு வரும் லைன்மேனிடமோ நேரில் சொன்ன புகார்கள் பல எந்தப் பதிவிலும் ஏறாது. அதையும் இதில்தான் பிடிக்க முடியும்.

குழாயடிக் கணக்கு:
பெங்களூரில் சாமுவேல் பால் என்பவர் தொடங்கிய மக்கள் மதிப்பெண் அட்டையை (பொதுச் சேவைகளுக்கு மக்களே மதிப்பெண் போடும் ஆய்வு) பார்த்துவிட்டு இறங்குங்கள். 1994, 1999, 2003 என்று மீண்டும் மீண்டும் செய்ததால்தான் துறைகளுக்கு அது உறைத்தது. ஒருமுறை மட்டும் செய்தால் "அந்த மாதம் பம்ப் பழுது" என்று முடித்துவிடுவார்கள். கேள்வியின் சொற்களை மாற்றாமல், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் செய்யுங்கள். மே மாதத்தை நவம்பரோடு ஒப்பிட்டால் மழையைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஏரியா சபைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே முடிவையும் கேள்வித்தாளையும் டெப்போ உதவிப் பொறியாளரிடமும் வார்டு அலுவலகத்திலும் கொடுங்கள். வால்வு திறக்கும் நேரம், அந்த வாரம் நடந்த குழாய் வேலை போன்றவற்றை அவர்கள்தான் சொல்ல முடியும். அதையும் அறிக்கையில் சேருங்கள். தெருவாரிப் பட்டியலைப் பின்னிணைப்பாக வையுங்கள், வீட்டு எண் வேண்டாம்.